நிகழ்வுத் தூண்டல் (மேகக் கணிமை)

நிகழ்வுத் தூண்டல் என்பது, ஓரிடத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அறிவிக்கும் செய்தி ஒன்று, முன்னரே எழுதி வைக்கப்பட்ட விதியின்படி, வேறோரிடத்தில் உள்ள நிரலைத் தானாக இயங்கச் செய்யும் மேகக் கணிமை முறையாகும். இவ்வாறு இயக்கப்படுவது ஒரு சிறு செயற்கூறாகவோ, பல படிகளை வரிசையாகக் கொண்ட பணிப்பாய்வாகவோ இருக்கலாம். கோப்பு ஒன்று பதிவேற்றப்படுதல், தரவுத்தளத்தில் ஒரு வரி மாற்றப்படுதல், ஓர் உணரி குறிப்பிட்ட அளவைக் காட்டுதல், எச்சரிக்கை ஒன்று வெளியாதல் முதலியன நிகழ்வுகளுக்கு எடுத்துக்காட்டுகள்.

எந்த நிகழ்வு எந்தப் பணியைத் தொடங்கவேண்டும் என்பதைக் கூறும் விதி தூண்டுவிதி எனப்படும். நிரலில் பிழை இருந்தால் அது பிழைச்செய்தி தருகிறது. தூண்டுவிதியில் பிழை இருந்தாலோ பெரும்பாலும் எதுவுமே நடப்பதில்லை, பிழைச்செய்தியும் தோன்றுவதில்லை. ஆகவே தூண்டுவிதியை அமைப்பது இம்முறையின் மிகவும் கவனத்திற்குரிய பகுதியாகக் கருதப்படுகிறது.

== அடிப்படைக் கருத்து ==

ஒரு மாற்றம் நிகழ்ந்ததா என்பதை அறிய இரு வழிகள் உள்ளன. முதலாவது, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் சென்று பார்ப்பது. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு கோப்புறையைத் திறந்து, புதிய கோப்பு வந்துள்ளதா எனப் பார்க்கும் நிரல் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் பெரும்பாலான பார்வைகள் வீணாகின்றன. மாற்றம் நிகழ்ந்த பின்னரும் அடுத்த பார்வை வரை காத்திருக்க நேர்கிறது.

இரண்டாவது, மாற்றம் நிகழும் இடமே அதனை அறிவிப்பது. அஞ்சற்காரர் வந்து அழைப்பது போன்றது இது. நிகழ்வுத் தூண்டல் இவ்விரண்டாம் வழியைச் சார்ந்தது. அறிவிப்பவருக்கும் செயற்படுபவருக்கும் நேரடித் தொடர்பு தேவையில்லை. ஒருவரை மற்றவர் அறியாமலேயே, இடையில் உள்ள விதிகளின் மூலம் இருவரும் இணைக்கப்படுகின்றனர். இப்பிரிவினால் புதிய பணி ஒன்றைச் சேர்க்கும்போது பழைய நிரலைத் திருத்த வேண்டியதில்லை.

== வரலாறு ==

நேரத்தின்படி பணிகளைத் தொடங்கும் முறை பழமையானது. 1979 இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற கிரான் என்னும் நிரல் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. தரவுத்தளங்களில் ஒரு வரி சேர்க்கப்படும்போது தானாக இயங்கும் தூண்டிகளும் மேகக் கணிமைக்கு முற்பட்டவையே.

மேகக் கணிமையில் இம்முறை பரவலானதற்கு அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் அறிவித்த லாம்டா சேவை முக்கிய காரணமாகும். வழங்கியை நிறுவாமலேயே ஒரு செயற்கூறை ஏற்றி வைக்கவும், எஸ்3 சேமிப்பகத்தில் கோப்பு வந்தவுடன் அதனை இயக்கவும் இது வழிசெய்தது. பல படிகளை ஒழுங்குபடுத்தும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவை 2016 இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2017 இல் ஈவன்ட் கிரிட் சேவையையும், அமேசான் 2019 இல் ஈவன்ட்பிரிட்ஜ் சேவையையும், கூகுள் 2020 இல் ஈவன்ட்டார்க் சேவையையும் அறிமுகப்படுத்தின.

ஒவ்வொரு நிறுவனமும் நிகழ்வைத் தன் விருப்பப்படி வடிவமைத்ததால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது கடினமாக இருந்தது. இக்குறையைப் போக்கும் நோக்கில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் கிளவுட்ஈவன்ட்ஸ் என்னும் பொது வரையறையை உருவாக்கியது. அதன் 1.0 பதிப்பு 2019 அக்டோபரில் வெளியானது.

== உறுப்புகள் ==

சேவைக்குச் சேவை பெயர்கள் வேறுபட்டாலும், நிகழ்வுத் தூண்டல் அமைப்பில் பொதுவாகப் பின்வரும் உறுப்புகள் காணப்படும்.

* மூலம் - நிகழ்வை அறிவிக்கும் இடம். சேமிப்பகம், தரவுத்தளம், உணரி, வெளிச்சேவை முதலியன.
* நிகழ்வுப் பாட்டை - பல மூலங்களிலிருந்து வரும் நிகழ்வுகளைப் பெற்று உரியவற்றுக்குப் பகிரும் இடைநிலை.
* வடிகட்டி - வரும் நிகழ்வுகளில் எவை பொருந்தும் என்பதைக் கூறும் நிபந்தனைகள்.
* இலக்கு - பொருந்திய நிகழ்வினால் இயக்கப்படும் செயற்கூறு அல்லது பணிப்பாய்வு.
* அனுமதி - இலக்கை இயக்கும் உரிமை தூண்டுவிதிக்கு உண்டு என்பதைக் காட்டும் சேவைக் கணக்கு அல்லது பங்கு.
* சேராச் செய்தி வரிசை - பலமுறை முயன்றும் இலக்கிற்குச் சென்று சேராத நிகழ்வுகள் ஒதுக்கி வைக்கப்படும் இடம். முகவரி கிடைக்காத கடிதங்களை அஞ்சலகம் தனியே வைப்பதை ஒத்தது.

== நிகழ்வின் வடிவம் ==

கிளவுட்ஈவன்ட்ஸ் வரையறையின்படி ஒவ்வொரு நிகழ்வும் நான்கு பண்புகளைக் கட்டாயம் கொண்டிருத்தல் வேண்டும். அவை அடையாள எண், மூலம், நிகழ்வின் வகை, வரையறையின் பதிப்பு என்பன. நிகழ்ந்த நேரம், பொருள், உள்ளடக்கத்தின் வடிவம் ஆகியவற்றை விரும்பினால் சேர்க்கலாம். மூலமும் அடையாள எண்ணும் சேர்ந்து ஒரு நிகழ்வைத் தனித்து அடையாளம் காட்டுகின்றன. இரு செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றாக இருந்தால், அவை ஒரே நிகழ்வின் இரு படிகள் எனப் பெறுநர் கொள்ளலாம்.

நிகழ்வு என்பது நடந்து முடிந்த ஒன்றின் கூற்று, கட்டளை அன்று. "கோப்பு வந்தது" என்பது நிகழ்வு. "கோப்பைச் சுருக்கு" என்பது கட்டளை. நடந்ததற்கு என்ன செய்யவேண்டும் என்பதைத் தூண்டுவிதியே முடிவு செய்கிறது.

== தூண்டுவிதியை அமைத்தல் ==

தூண்டுவிதி எழுதுபவர் நான்கு கேள்விகளுக்கு விடை காணவேண்டும்.

# எந்த மூலத்திலிருந்து வரும் எந்த வகை நிகழ்வு?
# அவற்றுள் எந்தப் பண்பு எந்த மதிப்பைப் பெற்றிருந்தால் ஏற்கவேண்டும்?
# எந்த இலக்கு, எந்த அனுமதியுடன் இயங்கவேண்டும்?
# இலக்கு இயங்கத் தவறினால் என்ன செய்வது?

வடிகட்டியின் திறன் சேவைக்குச் சேவை வேறுபடும். ஈவன்ட்பிரிட்ஜில் சொல்லின் முன்னொட்டு, எண்ணின் எல்லை, "இது தவிர மற்றவை" போன்ற நிபந்தனைகளை எழுதலாம். ஈவன்ட்டார்க்கில் பெரும்பாலும் பண்புகளின் மதிப்பு சரிசமமாக இருக்கிறதா என்றே பார்க்கப்படுகிறது. ஒரு நிலப்பரப்பு மற்றொன்றோடு மேற்படிகிறதா என்பது போன்ற கணக்கீடுகளை இவ்வடிகட்டிகள் செய்வதில்லை. அவை பணிப்பாய்வினுள்ளே செய்யப்படவேண்டும்.

மூலமும் தூண்டுவிதியும் எந்த வட்டாரத்தில் உள்ளன என்பதும் கவனிக்கத்தக்கது. மேகச் சேவைகள் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மைக்ரோசாஃப்ட் அசூரின் தென்னிந்திய வட்டாரம் 2015 முதல் சென்னையிலும், அமேசானின் வட்டாரங்கள் 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் இயங்குகின்றன. ஒரு வட்டாரத்துப் பாட்டையில் வரும் நிகழ்வு, அனுப்பும்படி அமைத்தாலன்றி மற்றொரு வட்டாரத்து விதிக்குத் தெரியாது.

=== நிரலாக எழுதுதல் ===

தூண்டுவிதிகளை இணையப் பக்கத்தில் பொத்தான்களை அழுத்தி உருவாக்கலாம். எனினும் அவ்வாறு உருவாக்கப்பட்டதை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதைப் பின்னர் அறிவது கடினம். ஆகவே விதிகளையும் அனுமதிகளையும் உரைக்கோப்பாக எழுதி, மற்ற நிரல்களுடன் சேர்த்துப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் (2011), ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் (2014) ஆகியவை இதற்குப் பயன்படும் கருவிகளாகும். கோப்பில் உள்ளதற்கும் மேகத்தில் உள்ளதற்கும் இடையிலான வேறுபாட்டை இக்கருவிகள் முன்கூட்டியே காட்டுகின்றன. ஒரு நிபந்தனை நீக்கப்படுவதை மற்றொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் அளிக்கவும் இயலும்.

== எடுத்துக்காட்டு: திருத்தணிப் பகுதிக்கான வெள்ள எச்சரிக்கை ==

பேரிடர் எச்சரிக்கைகள் நிகழ்வுத் தூண்டலை விளக்குவதற்கு ஏற்றவை. இவற்றுக்கெனப் பொது எச்சரிக்கை நெறிமுறை என்னும் உலகளாவிய வடிவம் உள்ளது. ஓயாசிஸ் அமைப்பு 2004 இல் இதன் முதற்பதிப்பையும் 2010 இல் 1.2 ஆம் பதிப்பையும் வெளியிட்டது. இந்தியாவில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்காக சி-டாட் நிறுவனம் உருவாக்கிய சசேத் அமைப்பு இந்நெறிமுறையைப் பின்பற்றுகிறது.

இந்நெறிமுறையில் அமைந்த ஒவ்வோர் எச்சரிக்கையும் அடையாள எண், அனுப்பிய நேரம், நிலை (உண்மை, பயிற்சி, சோதனை முதலியன), செய்திவகை (எச்சரிக்கை, புதுப்பிப்பு, நீக்கம் முதலியன), கடுமை, அவசரம், உறுதிப்பாடு, நிலப்பரப்பு ஆகியவற்றைக் கொண்டிருக்கும். ஒரே எச்சரிக்கையினுள் பல மொழிகளில் தனித்தனித் தகவற்பகுதிகள் இடம்பெறலாம்.

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கோவில் நகரம். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் பேசப்படுகின்றன. அருகிலுள்ள பள்ளிப்பட்டு வழியே வரும் கொசத்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் எண்ணூர் அருகே கடலில் கலக்கிறது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும்போது பள்ளிப்பட்டுப் பகுதியின் ஆற்றில் வெள்ளம் பெருகி, தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு.

இப்பகுதி மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பணிப்பாய்வு ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். பின்வருவது விளக்கத்திற்காக மட்டும் எழுதப்பட்ட விதியாகும்.

 விதி: கொசத்தலை-வெள்ளம்
 வகை = வெள்ள எச்சரிக்கை
 கடுமை = கடுமை அல்லது மிகக் கடுமை
 மாவட்டம் = "திருவள்ளூர்"
 இலக்கு = எச்சரிக்கை-பரப்பு என்னும் பணிப்பாய்வு

முதற்பார்வைக்கு இவ்விதி சரியாகத் தோன்றும். ஆனால் இதில் நான்கு குறைகள் உள்ளன.

* எல்லை. அணை சித்தூர் மாவட்டத்தில் இருப்பதால், நீர்த்திறப்பு பற்றிய எச்சரிக்கை சித்தூர் மாவட்டத்தின் பெயரை மட்டும் தாங்கி வரலாம். நீர் மாநில எல்லையைக் கடந்து வரும், விதி கடக்காது.
* எழுத்துக்கூட்டல். இம்மாவட்டத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகிறது. சொல்லைச் சொல்லாக ஒப்பிடும் வடிகட்டி, ஓர் எழுத்து மாறினாலும் நிகழ்வைத் தள்ளிவிடும். பெயருக்குப் பதிலாகப் புவியியற் குறியீட்டைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.
* நிலை. "நிலை = உண்மை" என்னும் நிபந்தனை இவ்விதியில் இல்லை. எனவே சோதனைச் செய்தி வந்தாலும் மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை சென்றுவிடும். 2023 இல் இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசிகளுக்குச் சோதனை எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டமை குறிப்பிடத்தக்கது.
* நீக்கம். வெள்ளம் வடிந்தபின் வரும் புதுப்பிப்பு அல்லது நீக்கச் செய்தியில் கடுமை குறைவாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். "கடுமை அல்லது மிகக் கடுமை" என்னும் நிபந்தனை அதனைத் தள்ளிவிடும். எச்சரிக்கை பரவும்; அது முடிந்தது என்னும் செய்தி பரவாது.

கடைசிக் குறையின் தன்மையை 2018 சனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் நிகழ்ந்தது உணர்த்துகிறது. அன்று ஏவுகணைத் தாக்குதல் பற்றிய தவறான எச்சரிக்கை கைப்பேசிகளுக்கு அனுப்பப்பட்டது. அது தவறு என்னும் செய்தி அதே வழியில் சென்று சேர 38 நிமிடங்கள் ஆயின. அங்கு எச்சரிக்கையை அனுப்பியவர் ஓர் ஊழியர், வடிகட்டி அன்று. எனினும் அனுப்பும் வழியைப் போன்றே திரும்பப்பெறும் வழியும் முன்கூட்டி அமைக்கப்பட வேண்டும் என்பது இரண்டிற்கும் பொதுவான பாடமாகும்.

இக்குறைகளைக் களைய, சல்லடையை இரு நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். தூண்டுவிதியில் பரந்த நிபந்தனைகள் மட்டும் வைக்கப்படும். நுண்ணிய நிபந்தனைகள் பணிப்பாய்வினுள் சோதிக்கப்படும்.

 விதி: கொசத்தலை-வெள்ளம் (திருத்தியது)
 வகை = வெள்ள எச்சரிக்கை
 மாநிலக் குறியீடு = தமிழ்நாடு அல்லது ஆந்திரப் பிரதேசம்
 இலக்கு = எச்சரிக்கை-ஆய்வு என்னும் பணிப்பாய்வு

இலக்கான பணிப்பாய்வின் படிகள் பின்வருமாறு அமையலாம்.

# இவ்வடையாள எண்ணுடைய செய்தி முன்னரே கையாளப்பட்டதா எனப் பார்த்தல். ஆம் எனில் நிறுத்துதல்.
# நிலை சோதனை அல்லது பயிற்சி எனில், பதிவேட்டில் மட்டும் குறித்து நிறுத்துதல்.
# நீக்கம் அல்லது புதுப்பிப்பு எனில், அது சுட்டும் பழைய செய்தியைத் தேடி, அதனைப் பெற்றவர்களுக்கே திருத்தத்தை அனுப்புதல்.
# எச்சரிக்கையின் நிலப்பரப்பு, ஆற்றின் வடிநிலத்தோடு மேற்படிகிறதா எனக் கணக்கிடுதல்.
# தமிழ், தெலுங்கு ஆகிய இரு தகவற்பகுதிகளையும் எடுத்தல். ஒன்று இல்லையெனில் இருப்பதை மட்டும் அனுப்புதல்.
# பொறுப்பு அலுவலரின் ஒப்புதலுக்காகக் காத்திருத்தல்.
# குறுஞ்செய்திகளை அனுப்பி, பதிவேட்டில் குறித்தல்.

இங்கு தனிச் செயற்கூறுக்குப் பதிலாகப் பணிப்பாய்வைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் ஆறாம் படியில் விளங்கும். லாம்டா செயற்கூறு ஒன்று ஒரே இயக்கத்தில் 15 நிமிடங்களுக்கு மேல் இயங்க இயலாது. ஸ்டெப் ஃபங்ஷன்ஸின் வழக்கமான பணிப்பாய்வோ ஓராண்டு வரை காத்திருக்க வல்லது. மேலும் எந்தப் படியில் நின்றது என்பதும் பதிவாகிறது.

== வழங்கல் உறுதி ==

பெரும்பாலான நிகழ்வுச் சேவைகள் "குறைந்தது ஒருமுறை" வழங்குவதாகவே உறுதி தருகின்றன. நிகழ்வைப் பெற்றுக்கொண்டதற்கான பதில் வழியில் தொலைந்தால், சேவை அதே நிகழ்வை மீண்டும் அனுப்பும். ஆகவே ஒரே நிகழ்வு இருமுறை வருவது பிழையன்று, எதிர்பார்க்கவேண்டிய ஒன்று.

இதன் விளைவாகப் பணிப்பாய்வு ஒரு பண்பைப் பெற்றிருக்க வேண்டும். ஒரே நிகழ்வுக்கு ஒருமுறை இயங்கினாலும் பலமுறை இயங்கினாலும் இறுதி விளைவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இப்பண்பு மீள்செய்கை மாறாமை எனப்படும். "கணக்கில் நூறு ரூபாய் கூட்டு" என்பதில் இப்பண்பு இல்லை. "இந்த எண்ணுடைய வரவை, முன்னர் பதியாவிடில், பதிவு செய்" என்பதில் உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டின் முதற்படி இதற்காகவே அமைந்தது.

நிகழ்வுகள் நடந்த வரிசையிலேயே வந்து சேரும் என்பதும் பொதுவாக உறுதியன்று. நீக்கச் செய்தி எச்சரிக்கைக்கு முன்னரே வரக்கூடும். எனவே வந்த நேரத்தை நம்பாது, செய்தியில் உள்ள அனுப்பிய நேரத்தையே ஒப்பிடவேண்டும். எச்சரிக்கை இன்னும் வராத நிலையில் நீக்கம் வந்தால் அதனைக் குறித்து வைப்பதும், பின்னர் வரும் எச்சரிக்கையை அதனுடன் ஒப்பிடுவதும் தேவை.

இலக்கு இயங்கத் தவறினால் சேவை மறுமுயற்சி செய்யும். ஈவன்ட்பிரிட்ஜ் இயல்பாக 24 மணி நேரத்திற்குள் 185 முறை வரையும், ஈவன்ட் கிரிட் அதே கால அளவில் 30 முறை வரையும் முயலும். முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி படிப்படியாக நீளும். அதன் பின்னும் சேராதவை, சேராச் செய்தி வரிசை அமைக்கப்பட்டிருந்தால் அங்கு செல்லும்; இல்லையெனில் கைவிடப்படும். வெள்ள எச்சரிக்கை போன்றவற்றில் 24 மணி நேரத்திற்குப் பின் வெற்றிபெறும் மறுமுயற்சி தீமையையே விளைவிக்கலாம். ஆதலால் மறுமுயற்சியின் கால எல்லையைப் பணியின் தன்மைக்கேற்பக் குறைத்து அமைக்கவேண்டும்.

== முடிவிலாச் சுழற்சி ==

ஒரு பணியின் விளைவே அதே பணியை மீண்டும் தூண்டினால் முடிவிலாச் சுழற்சி உண்டாகும். ஒரு சேமிப்பகத்தில் படம் வந்தவுடன் அதன் சிறுபடிவத்தை உருவாக்கி, அதே சேமிப்பகத்தில் இடும் செயற்கூறு இதற்குப் பரவலாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. சிறுபடிவமும் ஒரு புதிய கோப்பே ஆதலால் அது மீண்டும் செயற்கூறைத் தூண்டும். இயக்கத்தின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் கணக்கிடப்படுவதால் இச்சுழற்சி பெரும் செலவை உண்டாக்கும்.

உள்ளீட்டையும் வெளியீட்டையும் வெவ்வேறு சேமிப்பகங்களில் வைப்பது இதனைத் தவிர்க்கும் எளிய வழி. இயலாவிடில், பெயரின் முன்னொட்டைக் கொண்டு வடிகட்டலாம். 2023 முதல் லாம்டா சேவை குறிப்பிட்ட சில மூலங்களுக்கு இத்தகைய சுழற்சியைத் தானே கண்டறிந்து, ஏறத்தாழ 16 சுற்றுகளுக்குப் பின் நிறுத்துகிறது.

== ஓசையற்ற பிழை ==

பொருந்தாத நிகழ்வைத் தள்ளிவிடுவது வடிகட்டியின் இயல்பான கடமை. ஆகவே தவறான நிபந்தனையால் ஒரு நிகழ்வு தள்ளப்படும்போது, அமைப்பின் பார்வையில் யாவும் முறைப்படி நடந்துள்ளன. பணிப்பாய்வு தொடங்கவே இல்லை என்பதால் அதன் பதிவேட்டிலும் எதுவும் இருக்காது. மறுமுயற்சியோ சேராச் செய்தி வரிசையோ இங்கு உதவா. அவை வடிகட்டியைக் கடந்த நிகழ்வுகளுக்கே உரியவை.

இக்குறையை எதிர்கொள்ளப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

* அனைத்தையும் பதிதல். நிபந்தனை எதுவுமற்ற மற்றொரு விதியை அமைத்து, வரும் நிகழ்வுகள் யாவற்றையும் பதிவேட்டிற்கு அனுப்புதல். வந்தவற்றையும் பொருந்தியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.
* நாடித்துடிப்பு. குறித்த நேரத்தில் சோதனை நிகழ்வு ஒன்றை அனுப்பி, அது பணிப்பாய்வை அடைகிறதா எனப் பார்த்தல். அடையாவிடில் பொறுப்பாளருக்கு அறிவித்தல். திருத்திய எடுத்துக்காட்டில் சோதனைச் செய்திகள் வடிகட்டியில் தடுக்கப்படாமல், பணிப்பாய்வின் இரண்டாம் படியில் பதியப்படுவது இதற்கு வாய்ப்பளிக்கிறது.
* மாதிரி நிகழ்வுகள். உண்மையில் வந்த நிகழ்வுகளின் படிகளைச் சேமித்து வைத்து, விதி மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் அவை பொருந்துகின்றனவா எனச் சோதித்தல். பொருந்தக்கூடாதவற்றின் மாதிரிகளும் தேவை.
* மீள் ஓட்டம். நிகழ்வுகளைக் காப்பகத்தில் வைத்து, விதியைத் திருத்திய பின் மீண்டும் அனுப்புதல். ஈவன்ட்பிரிட்ஜில் இவ்வசதி 2020 இல் சேர்க்கப்பட்டது. பணிப்பாய்வு மீள்செய்கை மாறாமை உடையதாக இருந்தால் மட்டுமே இதனை அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

தேவையற்ற நிகழ்வு உள்ளே வந்தால் அது பதிவேட்டில் தெரியும், செலவும் சிறிதே. தேவையான நிகழ்வு வெளியே நின்றால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஐயம் எழும் இடங்களில் தூண்டுவிதியைத் தளர்வாகவும், பணிப்பாய்வினுள் உள்ள சோதனையை இறுக்கமாகவும் அமைப்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நிகழ்வுகளின் எண்ணிக்கை மிகுந்து செலவு பெருகும் அமைப்புகளில் மட்டும், மேற்கூறிய கண்காணிப்புகளை நிறுவிய பின், விதியைப் படிப்படியாக இறுக்குவர்.

== இவற்றையும் பார்க்க ==

* மேகக் கணிமை
* பணிப்பாய்வு
* தரவுத்தளத் தூண்டி
* பதிப்புக் கட்டுப்பாடு
* பொது எச்சரிக்கை நெறிமுறை
* கொசத்தலை ஆறு
* திருத்தணி